ரிஷிகேஷில் ராஃப்டிங்: தில்லியிலிருந்து கிளம்பும் முன்

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்தால் ஹரித்வார் கூட்டிப் போவது தில்லித் தமிழ்க் குடும்பங்களில் வழக்கம். அந்தப் பயணத்தோடு ரிஷிகேஷில் ஒரு நாள் ராஃப்டிங்கும் (காற்றடைத்த ரப்பர் படகில் கங்கையின் அலைகளில் துடுப்புப் போட்டுப் போவது) சேர்த்துக்கொள்ளலாம். யார் எங்கிருந்து ராஃப்டில் ஏறுவது என்பதை மட்டும் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். அங்கே போய்க் கடை வாசலில் பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் நீளமான தூரம்தான் தலையில் கட்டப்படும்.

பிரம்மபுரியில் ஏறினால் ரிஷிகேஷ் வரை ஏறத்தாழ 9 கிலோமீட்டர், சிவபுரியில் 16, மரைன் டிரைவில் 24, கௌடியாலாவில் 36. (மரைன் டிரைவ் என்பது இங்கே ஆற்றங்கரை மணல், மும்பைக்காரர்கள் கடலைத் தேட வேண்டாம்.) முதல்முறை போகிறவர்களுக்குச் சிவபுரி போதும். ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் ஆகிய பெரிய ராப்பிட்டுகள் (ஆறு அலையடித்து வேகமாகப் பாயும் இடங்கள்) அதிலேயே வந்துவிடும். கௌடியாலா தூரத்தில் 'தி வால்' இருக்கிறது; ராஃப்டையே கவிழ்க்கக்கூடியது, பழகியவர்களுக்கு விட்டுவிடுங்கள். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள், கர்ப்பிணிகள், இதய நோயோ வலிப்போ உள்ளவர்கள் கரையிலேயே இருக்கட்டும்.

மழைக்காலமான ஜூலை, ஆகஸ்டில் ராஃப்டிங் கிடையாது. அக்டோபர், நவம்பரில் தண்ணீர் பச்சையாகத் தெளிந்திருக்கும். மே, ஜூனில் பனி உருகி ஆறு பெருகும், அலையும் பெரிது. சனி, ஞாயிறு ஹரித்வார் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். வார நாளில் இரவு காஷ்மீரி கேட்டில் பஸ் ஏறி, காலை முதல் ராஃப்டைப் பிடிப்பது நல்லது. பிற்பகலில் பள்ளத்தாக்கில் எதிர்க்காற்று எழுந்தால் தட்டையான தண்ணீரில்கூடத் துடுப்புப் போட்டுக் கை ஓய்ந்துவிடும்.

ஜீன்ஸும் சுடிதார் துப்பட்டாவும் வேண்டாம், சீக்கிரம் காயும் துணி போடுங்கள். ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும், பின்பட்டை உள்ள சாண்டல் வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை மாட்டியபின் அதன் தோள் பக்கத்துப் பட்டைகளைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் தளர்வு என்று அர்த்தம், பட்டைகளை இறுக்குங்கள்.

துடுப்பின் மேல்முனைக் கைப்பிடியை உள்ளங்கையால் மூடியே பிடியுங்கள். விட்டால் அது பக்கத்தில் இருப்பவர் பல்லைப் பதம் பார்க்கும். ராஃப்டில் படும் காயங்களில் இது அடிக்கடி நேர்வது. பெரிய அலையைக் கண்டதும் துடுப்பை நிறுத்திவிடுவது இன்னொரு தவறு. ஓட்டத்தைவிட ராஃப்ட் வேகமாகப் போனால்தான் கைடால் திருப்ப முடியும். 'ஃபார்வர்டு' என்றால் விடாமல் போடுங்கள். 'கெட் டவுன்' என்றால் மட்டும் உள்ளே குனிந்து கயிற்றைப் பிடியுங்கள்.

காவிரியில் குதித்து வளர்ந்தவர்களே இங்கே அதிகம் ஏமாறுவார்கள். மே மாதத்திலும் இது பனித் தண்ணீர். விழுந்த கணத்தில் உடம்பு தானாக மூச்சை இழுக்கும், அப்போது வாய் திறந்திருந்தால் தண்ணீர் உள்ளே போகும். உடனே நீந்த முயலாதீர்கள். வாயை மூடிக்கொண்டு ஜாக்கெட் தூக்கும் வரை பொறுங்கள். ராஃப்டுக்கு அடியில் மாட்டினால் கைகளை மேலே வைத்து ஒரே திசையில் நகர்ந்து வெளியே வாருங்கள். பிறகு மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் பக்கம் நீட்டி, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி மிதந்திருங்கள். பாறையை முதலில் பாதம் சந்திக்கட்டும், தலை அல்ல. ஓடும் நீரில் எழுந்து நிற்கவே கூடாது: பாறை இடுக்கில் கால் சிக்கினால் ஓட்டம் முதுகைத் தள்ளி முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கிவிடும். கயிறு வீசினால் நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள், கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

கரையில் இருப்பவர்களுக்கும் ஒன்று. மேலே பாகீரதியில் டெஹ்ரி அணை இருக்கிறது; தண்ணீர் திறந்தால் வெயில் நாளிலும் மட்டம் ஏறும். ஆற்று நடுவே உள்ள பாறையில் உட்கார்ந்து படம் எடுக்க வேண்டாம். குளிப்பதானால் படித்துறையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே முங்குங்கள்.

மறுநாள் மிச்சமிருந்தால் 70 கிலோமீட்டர் மேலே தேவப்பிரயாகைக்குப் போங்கள். அளகநந்தாவும் பாகீரதியும் கூடிக் கங்கையாவது இங்கேதான். இரண்டு நிறமாக வந்து கலப்பதைப் படித்துறையிலிருந்தே பார்க்கலாம். இங்குள்ள ரகுநாதர் கோயில்தான் பெரியாழ்வார் பாடிய திருக்கண்டமென்னும் கடிநகர். பெரியவர்களுக்கு ராஃப்டைவிட இதுவே பெரிது. கோயிலுக்கும் துறைக்கும் படிகள் ஏராளம், முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள்.