மைக்கை அணைக்காமல் வாலரன்ட் ஆடுவது எப்படி

வாலரன்ட் என்னும் இணையவழித் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை ஆடும் பெண்களில் எனக்குத் தெரிந்த பலர் மைக்கைத் தொடுவதே இல்லை. ஏனென்று கேட்கவே வேண்டாம். ஆனால் அணிக்கு ஐந்து பேர் மோதும் ஆட்டத்தில் வாய்மூடி இருப்பவர் பாதி ஆயுதத்தைக் கீழே வைத்தவர். எனவே, பேசுங்கள்.

முதல் பேச்சே தகவலாக இருக்கட்டும். ஹேவன் வரைபடமென்றால், "கராஜில் இரண்டு பேர், ஜெட்டுக்கு 84 குறைந்திருக்கிறது" என்று எதிரிகள் நிற்கும் இடத்தையும் ஜெட் என்னும் பாத்திரத்துக்கு உயிர் குறைந்த அளவையும் சொல்லிவிட்டு, பேசுவதற்கான வி பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். பெண் குரல் கேட்டதும், "அக்கா, சமையல் முடிந்ததா?" என்று ஒருவன் ஆரம்பிப்பான். பதில் சொன்னால் அவனுக்குத் தீனி. ஆயுதம் வாங்கும் இடைவேளையில் எஸ்கேப்பை அழுத்தி, ஆட்டக்காரர் பட்டியலில் அவன் குரலை மட்டும் அடைத்துவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் புகார் கொடுங்கள்.

அப்படியே ஸ்கோரில் அவன் இடத்தையும் பாருங்கள். ஹேலோ 3 என்ற சுடும் ஆட்டத்தை வைத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், பெண் குரலிடம் அதிகம் சீறியவர்கள் ஆட்டத்தில் பின்தங்கிய ஆண்கள்தான். திறமைசாலிகள் இணக்கமாகவே பேசியிருக்கிறார்கள்.

அடுத்தது, பாத்திரத் தேர்வு. "நீங்கள் சேஜ் எடுங்கள்" என்பார்கள். காயம் ஆற்றுவது பெண் வேலையாம்! ஆற்றுபவருக்குச் சுடும் வாய்ப்பு குறைவு. கடைசியில் ஸ்கோரைக் காட்டி, "பெண்களுக்குக் குறி வராது" என்பதும் அவர்களேதான். சேஜ் பிடித்தால் தாராளமாக ஆடுங்கள், நானும் ஆடுகிறேன். சேஜின் தடுப்புச் சுவரை நேரம் பார்த்து எழுப்பத் தெரியாதவன்தான் அதைச் சுலபம் என்பான். ஆனால் முன்னால் பாய்ந்து சுடும் டூயலிஸ்ட் வகைப் பாத்திரம் ஒன்றையும் பழகி வைத்திருங்கள். அந்த வகையைச் சேர்ந்த ஜெட் வேண்டுமென்றால் யாரையும் கேட்காமல் முதலில் லாக் செய்துவிடுங்கள்.

நன்றாகச் சுட்டாலும் விடமாட்டார்கள். "ஹேக்", அதாவது ஏமாற்று மென்பொருள், என்பார்கள். தென் கொரிய ஆட்டக்காரர் கெகுரி 2016இல் ஓவர்வாட்ச் என்னும் சுடும் ஆட்டத்தில் ஸார்யா என்ற பாத்திரமாக ஆடிய விதத்தைப் பார்த்து ஏமாற்று என்றார்கள். பதின்வயதுப் பெண் அவர். கை அசைவைக் கேமராவில் காட்டி, நேரலையில் ஆடி நிரூபிக்க வேண்டியிருந்தது. 2018இல் ஷாங்காய் டிராகன்ஸ் அணியில் சேர்ந்து, அந்த ஆட்டத்தின் தொழில்முறைப் போட்டியான ஓவர்வாட்ச் லீகின் முதல் பெண் வீரர் ஆனார். முகம் தெரியாதவன் கேட்டதற்காக நீங்கள் எதையும் நிரூபிக்க உட்காராதீர்கள். சந்தேகமென்றால் புகார் கொடுக்கும் வசதி அவனுக்கும் இருக்கிறது.

வசையைவிட எனக்கு எரிச்சல் தருவது இன்னொரு வகை. கேட்காமலே, ஆட்டத்துக்குள் புழங்கும் பணமான கிரெடிட்டில் 2,900 கொடுத்து வாண்டல் துப்பாக்கியை வாங்கி உங்கள் காலடியில் போடுவார்கள். சாதாரணமாக ஒருவனை வீழ்த்தினாலும் "ஆகா, ஓகோ" என்பார்கள். குழந்தை நடை பழகுவதைப் பார்த்துக் கைதட்டுவது மாதிரி. முறைத்தால், "உதவத்தானே செய்தேன்" என்று அணியே உங்கள் மேல் பாயும். நன்றி சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். கையில் கிரெடிட் சேர்ந்த சுற்றில் அவருக்கு ஒரு வாண்டல் வாங்கிப் போட்டுவிட்டு, எதிரி எங்கே என்று சொல்லத் தொடங்குங்கள்.