விழிஞ்ஞம் முதல் முட்டம் வரை: கடலடிச் சிற்றுயிர்களை மேக்ரோ படமெடுக்கும் முறை

கேரளத்தின் விழிஞ்ஞத்திலிருந்து குமரி மாவட்டத்தின் முட்டம் வரையுள்ள பாறைக் கரைகளில், சிப்பி எடுப்போர் மூழ்கும் அதே பார்களில்தான் (கடலடிப் பாறைத் திட்டுகளில்தான்) நகத்தளவே உள்ள ஓடில்லாக் கடல் நத்தைகளும் வளைக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் சிறு மீன்களும் வாழ்கின்றன. இவற்றை மிக நெருங்கிப் பெரிதாக, அதாவது மேக்ரோ முறையில், படமெடுக்க விரும்புவோர் முதலில் பருவத்தைப் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் பொங்கிக் கலங்கிக் கிடக்கும். அப்போது இறங்கவே கூடாது. டிசம்பர் முதல் மார்ச் வரையிலான காலமே ஏற்றது. அப்போதும் அன்றைய நீவாடு (கடல் நீரோட்டம்) எப்படி என்று உள்ளூர் மீனவரிடம் கேட்டறிந்து, துணையோடுதான் இறங்க வேண்டும்.

கேமராவை வைக்கும் நீர்புகாப் பெட்டியான ஹவுசிங்கின் ஓ-ரிங்கில் (மூடியை அடைக்கும் ரப்பர் வளையத்தில்) ஒரு மணல்துகளோ தலைமுடியோ இருந்தாலும் நீர் கசியும். ஆகவே, கேமரா இல்லாமல் வெறும் ஹவுசிங்கை வாளி நீரில் அமிழ்த்தி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது நல்லது.

தெளிந்த நாளிலும் நீரில் நுண்துகள்கள் மிதந்துகொண்டே இருப்பதால், லென்ஸுக்கும் உயிருக்கும் இடையிலான நீர் குறையக் குறையப் படம் துலங்கும். ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியிருந்தால் அத்துகள்கள் பனித்துளிகளைப்போல வெளுத்துத் தெரியும். எனவே தனி ஃபிளாஷை ஹவுசிங்கிலிருந்து நீளும் தாங்குகம்பியில் பொருத்திப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒளி விழச் செய்ய வேண்டும். ஆழத்தில் முதலில் மங்குவது சிவப்பு என்பதால், உண்மை நிறம் கிடைக்கவும் ஃபிளாஷே வழி. லென்ஸ் துளை எஃப்/16, ஷட்டர் வேகம் 1/200 நொடி, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 200 என்று தொடங்கி, ஃபிளாஷின் வலிமையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

மிகுந்த பொறுமை தேவைப்படுவது ஃபோகஸில்தான். முழுச்சட்டக (36×24 மி.மீ. உணரியுள்ள) கேமராவில், உயிர் தன் உண்மை அளவிலேயே உணரியில் பதியும்போது எஃப்/16இல்கூடத் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். கடல் நத்தையின் தலையிலுள்ள இரு கொம்புகளில் ஃபோகஸை நிறுத்தி, முதுகில் பூப்போல் விரிந்திருக்கும் செவுள்கள் மங்கினாலும் பொருட்படுத்தாமல் விட வேண்டும். ஃபோகஸைப் பூட்டிவிட்டு, உடலை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, கொம்பு துலங்கும் கணத்தில் அழுத்துவதே பலன் தரும். மேலிருந்து குனிந்து எடுத்தால் உயிர் பாறையோடு கலந்துவிடும். அதன் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து எடுத்தால் பின்னணி விலகி நிற்கும். காற்றுக் கலன் சுமந்து மூழ்கும் ஸ்கூபாவில் மூச்சை அடக்குவது நுரையீரலுக்கு ஆபத்து. சீராக மூச்சுவிட்டபடியே எடுக்க வேண்டும்.

குழாய்ப்புழுவின் மீது நம் நிழல் பட்டாலே அது தன் விசிறி போன்ற இழைகளைக் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும். சற்று விலகிக் காத்திருந்தால் மீண்டும் விரியும். நல்ல கோணத்துக்காக எந்த உயிரையும் குச்சியால் நகர்த்துவதை நான் படமெடுத்தலாகவே கருதுவதில்லை. கடற்குதிரை, கடல் அட்டை, பவளம் ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. அழகிய வண்ணமுள்ள கூம்புச் சங்கு நஞ்சுடையது. கையில் எடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கரையேறியதும் ஹவுசிங்கைத் திறக்காமல் நன்னீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, பொத்தான்களை நீருக்குள்ளேயே அழுத்தி உப்பைக் கரைத்த பின் துடைத்துத் திறக்கவும்.