உள்மனம் சொல்வதை எப்போது நம்புவது?

ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே ‘இதில் ஏதோ சரியில்லை’ என்று மனம் நெருடினால், அதை அப்படியே ஏற்பதா, வீண் சந்தேகம் என்று தள்ளுவதா என்று முடிவு செய்யும் முன், அந்த உணர்வு எந்த அனுபவத்திலிருந்து எழுகிறது என்று பார்க்க வேண்டும். தீயணைப்புப் படைத் தலைவர்களின் நொடிநேர முடிவுகளை ஆராய்ந்து உள்ளுணர்வின் பக்கம் நின்ற உளவியலாளர் கேரி கிளைனும், அதைச் சந்தேகத்தோடு பார்த்த உளவியலாளர் டேனியல் கானெமனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒரு விஷயத்தில் உடன்பட்டார்கள்: அறிகுறிகள் ஓர் ஒழுங்கோடு திரும்பத் திரும்ப வரும் சூழலில், தன் கணிப்பு சரியா தவறா என்பது தெளிவாகத் தெரியும்படி நெடுநாள் பழகியவரின் உள்ளுணர்வையே நம்பலாம்.

பல ஆண்டுகள் பழகிய தோழி ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும் குரலிலேயே ஏதோ இருக்கிறது என்று தோன்றினால், அது பெரும்பாலும் வீண்போகாது. அவருடைய வழக்கமான குரல் எது என்று உங்களுக்குத் தெரியும். முதல்முறை சந்திப்பவர் பொய் சொல்கிறாரா என்பதில் அந்த உறுதி வேண்டாம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான பகுப்பாய்வில், மக்கள் உண்மையையும் பொய்யையும் சரியாகப் பிரித்தறிந்தது சுமார் 54 விழுக்காடுதான். காசைச் சுண்டிப் பார்த்தாலே பாதி சரியாக வந்துவிடும். அதிலும், அவருடைய உடை, பேச்சுவழக்கு, நிறம், ஊர் ஆகியவை வேறாக இருந்திருந்தால் இதே நெருடல் வந்திருக்குமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். வந்திருக்காது என்றால், அங்கே பேசுவது சிறுவயதிலிருந்து ஒட்டிக்கொண்ட பாரபட்சம்தான்.

நம் வீடுகளில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுவது ஜாமீன் கையெழுத்தில். உறவினர் ஒருவர் கடன் படிவத்தோடு வருகிறார். ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான், இன்றைக்கே கொடுத்தாக வேண்டும்’ என்று சொல்லிப் பேனாவை மூடி கழற்றி நீட்டுகிறார். மனம் ஒப்பவில்லை, மறுத்தால் உறவு கசந்துவிடுமோ என்ற தயக்கமும் விடவில்லை. இங்கே நெருடலைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், அவகாசம் கேட்பதற்கான காரணமாகக் கொள்ளுங்கள். ‘வீட்டில் ஒரு வார்த்தை கலந்துகொண்டு நாளைக்குச் சொல்கிறேன், மாமா’ என்று மரியாதையாகச் சொல்லி, படிவத்தின் நகலை வாங்கிக்கொண்டு, கடன் தொகை, மாதத் தவணை, ஏற்கெனவே உள்ள கடன்கள் ஆகியவற்றை விசாரியுங்கள். நிரப்பாத தாளில் எக்காரணம் கொண்டும் கையெழுத்திடாதீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. இவ்வளவு பெரிய பொறுப்பை ஏற்கச் சொல்பவர் ஒரு நாள் பொறுப்பதற்கே கோபப்பட்டால், உங்கள் நெருடலுக்கு அந்தக் கோபமே போதுமான ஆதாரம்.

உடலுக்கு ஆபத்து என்று தோன்றும் இடத்தில் மட்டும் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். ஆளில்லாத தெருவிலோ லிஃப்டிலோ அருகில் நிற்பவரைக் கண்டு அச்சம் எழுந்தால், காரணம் தேடாமல், அவர் என்ன நினைப்பாரோ என்று கூசாமல், உடனே விலகிவிடுங்கள். தேவைப்பட்டால் அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம் ‘பெரியவர் மனம் நோகக் கூடாது’ என்று சொல்லி இந்த அச்சத்தை அடக்கப் பழக்குவது கொடுமை.

யாரைப் பார்த்தாலும் சந்தேகமே எழுகிறவர்களுக்கு எந்த நெருடல் பொருளுள்ளது என்று பிரித்தறிவது கடினம். அவர்கள் தமக்கு என்ன தோன்றியது, எதைக் கண்டு தோன்றியது என்று தேதியோடு எழுதிவைத்து, சில மாதங்கள் கழித்து நடந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அலுவலகத்து ஆட்களைச் சரியாகக் கணிப்பவர் பெண் பார்க்கப் போன இடத்தில் முழுக்கத் தவறியிருப்பார். அந்த வேறுபாடு எழுத்தில் இருந்தால்தான் தென்படும்.