பட்டனை விட்டதும் வண்டி பின்னால் நழுவியது: வின்ச் பிரேக் அனுபவம்

வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் மோட்டார் கருவியான வின்ச்சை முழுசாகக் கழற்றிச் சுத்தம் செய்து, கியருக்கு கிரீஸ் வைத்து, புது கயிறு சுற்றி மாட்டினேன். மோட்டார் நன்றாகவே இழுத்தது. ஆனால் மேட்டில் ரிமோட் பட்டனை விட்டால் வண்டி மெல்லப் பின்னால் நழுவும், கயிறு சுற்றும் உருளையான டிரம்மோ கை வைக்க முடியாத சூடு.

பிரேக்கில் கிரீஸ் பட்டிருக்கும் என்று மறுபடி பிரித்துத் துடைத்தேன், பலனில்லை. புது பிரேக் போட்டும் அதே கதை. அப்புறம் மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான சாலினாய்டைச் சந்தேகப்பட்டு ஒரு நாள் வீண்.

விஷயம் கயிற்றில் இருந்தது. என் வின்ச்சில் கயிறு டிரம்மின் அடிப்பக்கமாக வெளியே வர வேண்டும். நான் மேல்பக்கமாக வரும்படி சுற்றியிருந்தேன். அதனால் 'உள்ளே' பட்டனை அழுத்தினால் கயிறு வெளியே போனது, நானும் வயரிங் தப்பு என்று நினைத்து மோட்டார் வயர்களை மாற்றிப் போட்டுவிட்டேன். பட்டன் சரியாகிவிட்டது, தப்பு மறைந்துவிட்டது! டிரம்முக்குள் இருக்கும் இந்த வகை பிரேக் ஒரு திசையில்தான் பிடிக்கும், எதிர்த்திசையில் மோட்டார் பிரேக்கை உரசிக்கொண்டேதான் சுற்றும். சூடு அதனால்தான்.

வயர்களைப் பழையபடி மாட்டி, கயிற்றை முழுக்க அவிழ்த்து, லேசான சரிவில் வண்டியின் எடையே கயிற்றை இறுக்கிப் பிடிக்கும்படி அடிப்பக்கமாகச் சுற்றினேன். இப்போது பட்டனை விட்ட இடத்தில் நிற்கிறது. பிரித்து மாட்டுகிறவர்கள் கழற்றும் முன் கயிறு வெளிவரும் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.