அமிகாவில் விளம்பரத்தைத் தடுக்கும்போது செய்யக்கூடாதவை

கமடோர் நிறுவனத்தின் வீட்டுக் கணினியான அமிகா 1200 வெளிவந்தது 1992இல். 14 மெகாஹெர்ட்ஸ் செயலி, 2 மெகாபைட் நினைவகம். இன்று ஒரு செய்திப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் விளம்பர ஸ்கிரிப்ட்களே அந்த 2 மெகாபைட்டைத் தின்றுவிடும். பழைய அமிகாவிலும், அதன் வழியில் வந்த அமிகாஓஎஸ் 4, மார்ஃப்ஓஎஸ் இயங்குதளங்கள் ஓடும் கணினிகளிலும் விளம்பரத் தடுப்பு தனியுரிமைக்காக மட்டும் அல்ல, பக்கம் திறக்கவே அது வேண்டும். யூபிளாக் ஆரிஜின் மாதிரி விளம்பரம் தடுக்கும் பிரவுசர் நீட்சி ஒன்றை இங்கே நிறுவ வழியில்லை. அதனால் எல்லாரும் முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பைத்தான் தேடிப் போகிறார்கள். தவறுகளும் அங்கேதான் தொடங்குகின்றன.

ஹோஸ்ட்ஸ் கோப்பு 1983இல் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண் முகவரியைச் சொல்லும் இணைய ஏற்பாடு) வருவதற்கு முன்பே இருந்த முகவரிப் புத்தகம். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று வெளியே கேட்பதற்கு முன் கணினி இதைப் புரட்டிப் பார்க்கும். விளம்பர செர்வரின் பெயருக்கு நேரே பொய் எண்ணை எழுதி வைத்தால், பிரவுசருக்கு அங்கே போக வழி தெரியாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, இணையத்தில் கிடைக்கும் பெரிய பட்டியலை அப்படியே இறக்கிக்கொள்வது. நானும் செய்தேன். ஒரு லட்சம் வரி, வரிக்குச் சுமார் 30 பைட் என்று வைத்தால் 3 மெகாபைட் ஆகிறது. ஏ1200இன் மொத்த நினைவகத்தைவிட அதிகம்! கூடுதல் ரேம் போட்டிருந்தாலும் பிரச்சினை தீராது. பல பழைய நெட்வொர்க் மென்பொருள்கள் ஒவ்வொரு பெயருக்கும் பட்டியலை மேலிருந்து கீழ்வரை வரிவரியாகத் தேடும். ஒரு பக்கம் ஐம்பது பெயர்களைக் கேட்டால் ஐம்பது முறை அந்தத் தேடல் நடக்கும். விளம்பரம் வந்திருந்தால்கூட அதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கும். நீங்கள் வழக்கமாகப் போகும் தளங்களை ஒரு புதிய கணினியில் திறந்து, பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். எந்தெந்தப் பெயர்கள் வந்து போகின்றன என்று குறித்துக்கொண்டு, அவற்றை மட்டும் சேருங்கள். இருநூறு வரி தாராளம்.

சேர்க்கும்போது முழுப்பெயரையும் எழுத வேண்டும். டபுள்கிளிக்.நெட் என்று ஒரு வரி போட்டுவிட்டு, ஆட்.டபுள்கிளிக்.நெட் ஏன் இன்னும் வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கோப்புக்கு நட்சத்திரக் குறி எல்லாம் புரியாது. எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் தடுக்கும்.

127.0.0.1 போடுவதா, 0.0.0.0 போடுவதா? முதலாவது இதே கணினியைக் குறிக்கும் எண். அதாவது விளம்பரம் கேட்டு பிரவுசர் தன் வீட்டுக் கதவையே தட்டும். சோதனைக்காக அங்கே ஒரு வெப் செர்வர் ஓடிக்கொண்டிருந்தால் விளம்பரப் பெட்டிகளில் எல்லாம் அதன் பிழைச்செய்தி வந்து உட்காரும். இரண்டாவது எண்ணுக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, ஆனால் எல்லா நெட்வொர்க் மென்பொருளும் அதை ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. ஒரே ஒரு பெயரில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், எது சட்டென்று தோற்கிறதோ அது போதும்.

விண்டோஸில் தயாரித்த பட்டியலை நகலெடுத்தால் வேறொரு கண்ணி இருக்கிறது. அங்கே வரி முடிவுக்கு இரண்டு குறிகள், அமிகாவில் ஒன்றுதான். மிச்சமான குறி பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டால், கோப்பு பார்க்கச் சரியாக இருக்கும், ஒன்றும் தடுக்காது. கோப்பின் வடிவமும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும்: அமிடிசிபி என்ற அமிகா நெட்வொர்க் மென்பொருளின் நெட்டிபி கோப்பில் ஒவ்வொரு வரியும் ஹோஸ்ட் என்ற சொல்லில் தொடங்க வேண்டும். அப்புறம், ஏற்கெனவே இருக்கும், இதே கணினியைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் வரியை அழித்துவிடாதீர்கள். பழைய கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

என்னைக் கேட்டால், பழைய கணினிக்கு இந்த வேலையையே கொடுக்கக்கூடாது. வீட்டு நெட்வொர்க்கில் ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினியில், விளம்பரப் பெயர்களைத் தடுக்கும் டிஎன்எஸ் செர்வரான பை-ஹோலை ஓடவிட்டு, அமிகாவின் டிஎன்எஸ் முகவரியாக அதைக் கொடுத்துவிட்டால், எத்தனை லட்சம் வரி இருந்தாலும் அமிகாவுக்குச் சுமை இல்லை. ஆனால் இங்கேயும் ஒரு தவறு நடக்கும். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இரண்டாவது டிஎன்எஸ் ஆக ஒரு பொது செர்வரைச் சேர்ப்பார்கள். முதலாவது பதில் சொல்லத் தாமதித்தால் கேள்வி இரண்டாவதற்குப் போகும், விளம்பரம் பின்வாசல் வழியாக உள்ளே வரும். ஒன்று மட்டும் இருக்கட்டும்.

பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று விளம்பரத்தை வடிகட்டும் பிரிவாக்ஸியும் நல்ல வழிதான். அதை வேறு கணினியில் நிறுவினால், அது இயல்பாக 127.0.0.1இன் 8118 போர்ட்டில் மட்டுமே காது கொடுக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். அமிகா கூப்பிடுவது அதற்குக் கேட்க வேண்டுமானால், கான்ஃபிக் கோப்பில் வீட்டு நெட்வொர்க் முகவரியைக் கொடுக்க வேண்டும். வெளி இணையத்துக்குத் திறந்துவிட மட்டும் வேண்டாம், யார் யாரோ உங்கள் பெயரில் உலாவுவார்கள்.

எந்தப் பட்டியலும் எல்லாவற்றையும் பிடிக்காது. யூடியூப் விளம்பரம் காணொளி வரும் அதே செர்வர்களிலிருந்து வருகிறது, பெயரை வைத்துத் தடுத்தால் காணொளியும் போய்விடும். நம் உலாவலைப் பின்தொடரும் டிராக்கர்கள் சில, தளத்தின் சொந்த உட்பெயரில் ஒளிந்திருக்கும். அதற்காகக் கண்ணில் பட்ட பெயரையெல்லாம் பட்டியலில் திணித்தால், எழுத்துருவும் ஸ்டைல்ஷீட்டும் தரும் செர்வரும் சேர்ந்து அடைபட்டு, பக்கம் எலும்புக்கூடாக நிற்கும். அந்த இடத்தில் ஐபிரவுஸ், நெட்சர்ஃப் போன்ற அமிகா பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துப் பாருங்கள். பெரும்பாலான டிராக்கர்களுக்கு ஓட அதுதான் தேவை. பல தளங்களில் அந்த ஒரு டிக் குறியை எடுத்ததுமே வேலை முடிந்துவிடுகிறது.

மாற்றம் செய்தபின் எதுவும் நடக்காவிட்டால் உடனே பட்டியலைத் திட்டாதீர்கள். பிரவுசரின் கேஷைக் காலி செய்து, நெட்வொர்க்கை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். பழைய விளம்பரப் படம் ஹார்ட் டிஸ்கிலிருந்தே வந்துகொண்டிருக்கலாம்.