பவர் ஸ்பிரேயரில் பொறி வரவில்லையா? பிளக்கிலிருந்து தொடங்குங்கள்

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் மருந்தடிக்கும் நாளில் பவர் ஸ்பிரேயர் கிளம்பாமல் அடம்பிடித்தால், கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்த பிறகு, எடுத்த எடுப்பில், பொறிக்கான மின்சாரத்தைத் தரும் காயிலையே மாற்றிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, பழுது பெரும்பாலும் அதைவிட எளிய இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் பெட்ரோல் குழாயை அடைத்து, எஞ்சினை ஆறவிடுங்கள். சிலிண்டருக்குள் பொறி விடும் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு, அதைக் கழற்றுங்கள். இல்லையெனில் தூசி சிலிண்டருக்குள் விழும். பிளக்கின் முனை இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. ஈரமும் கருமையுமாக இருந்தால் எண்ணெயோ எரியாத பெட்ரோலோ படிந்திருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றில் முனைகளின் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அளந்து, வளைந்த வெளிமுனையை மட்டுமே நெம்புங்கள். நடுமுனையை நெம்பினால் அதைச் சுற்றியுள்ள பீங்கான் விரிசல் விடக்கூடும்.

பிறகு பிளக்கை அதன் ஒயர் மூடியில் செருகி, அதன் இரும்பு உடல் எஞ்சின் தலையில் படும்படி வைத்து, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில் கயிற்றை இழுத்துப் பாருங்கள். நீலப் பொறி தெரியாவிட்டால், நிறுத்தும் சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி இழுங்கள். இப்போது பொறி வந்தால் காயில் நன்றாகவே இருக்கிறது, பழுது சுவிட்சிலோ ஒயரிலோதான். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நானே ஒருமுறை நல்ல காயிலைத் தூக்கிப் போட்டிருக்கிறேன் என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

அப்போதும் பொறி வராவிட்டால் மேக்னட் வீலுக்கும் காயிலுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். வீலில் பதித்த காந்தம் காயிலைக் கடக்கும்போதுதான் அதில் மின்சாரம் பிறக்கிறது. இடைவெளி கூடினால் பொறி மெலியும், குறைந்தால் இரண்டும் உரசும். காயிலின் இரு திருகுகளையும் தளர்த்தி, காந்தம் அதன் கால்களுக்கு நேரே வரும்படி வீலைத் திருப்பி, நடுவே ஏறத்தாழ 0.3 மி.மீ. தடிமனுள்ள அட்டையைச் செருகுங்கள். காந்தமே காயிலை இழுத்து அட்டையில் ஒட்டவைக்கும். அந்த நிலையில் திருகுகளை இறுக்கி, வீலைச் சுழற்றி அட்டையை எடுத்துவிடலாம். உங்கள் எஞ்சினின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பாயிண்ட் (காயிலின் மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனைகள்) வைத்த பழைய பம்புசெட் எஞ்சின்களில் இன்னொரு வேலை உண்டு. பாயிண்ட் திறக்கும் கணத்தில்தான் பொறி பிறப்பதால், அதன் இடைவெளி கூடினால் பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது, சுமார் 0.35 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என அளந்து பாருங்கள். புதுப் பாயிண்ட் சில நாளிலேயே கருகிப்போனால், அது கருகாமல் காக்க அதனுடன் இணைத்திருக்கும் கண்டன்சரை மாற்றுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கயிறு கையைப் பின்னுக்கு வெட்டி இழுத்தால், வீலை அச்சோடு பிணைக்கும் சிறிய கீ பாதி அறுந்திருக்கலாம். வீலைக் கழற்ற வேண்டிய அந்த வேலைக்கு, வீலை இழுத்தெடுக்கும் கருவியான புல்லர் தேவை. சுத்தியலால் தட்டாமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.