ஒரு பயற்றுப் பாத்தியும் 75 வீதமும்: இனவிருத்திக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயறு, அதாவது பாசிப்பயறு, ஒரே நாளில் முற்றுகிற பயிர் அல்ல. இலங்கையின் வடக்கே வன்னியில் காலபோக நெல்லை அறுத்த வயலில், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரலிப்பை நம்பி விதைக்கிறோம். அடிக்காய் நிறம் மாறி நெற்றாகும்போதே நுனியில் பூ விரிந்துகொண்டிருக்கும். அதனால் இரண்டு தடவை, சில இனங்களில் மூன்று தடவை ஆய வேண்டியிருக்கிறது. விற்பதற்கு விதைத்தவருக்கு இது கூலிச் சிக்கல். இனங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விதைத்தவருக்கோ, முதல் தவறு இங்கேயே காத்திருக்கிறது.

அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். ஒரு சிறுபோகத்தில் முதல் தடவை ஆய்ந்த காயை மட்டும் நிறுத்து, அதையே விளைச்சல் என்று கொப்பியில் எழுதிவிட்டேன். இரண்டாம் தடவைக்கு ஆள் கிடைக்கவில்லை, வெயிலும் கடுமை, பெரிய வித்தியாசம் வராது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த முறை இரண்டு தடவையும் ஆய்ந்து நிறுத்தபோது வரிசையே மாறியது. முதலிடத்தில் நின்ற இனம் நடுவுக்குப் போனது. நான் அளந்தது விளைச்சலை அல்ல, முந்திக் காய்க்கும் இயல்பை. அந்த இயல்புக்கும் மதிப்பு உண்டு, குறிப்பாக ஈரலிப்பு சீக்கிரம் வற்றும் வயலில். ஆனால் ஒன்றை அளந்துவிட்டு இன்னொன்றின் பெயரை அதன்மேல் எழுதக்கூடாது.

செடியை எண்ணாமல் காயை எண்ணுவது அடுத்த தவறு. முளைத்து வரும் பயற்றை மயிலும் முயலும் விட்டுவைப்பதில்லை. பாத்தியில் இடைவெளி விழுகிறது. இடைவெளிக்குப் பக்கத்தில் தப்பி நிற்கும் செடிக்குப் போட்டி இல்லை. கிளை விட்டு, அகன்று, பார்க்கவே ஆசையாகக் காய்க்கும். மாதிரிக்கு ஐந்து செடி எடுக்கப் போகிறவரின் கை அந்தச் செடியிடமே போகும். கண்ணுக்கு நல்லதாகத் தெரிவதைத் தொடுவது மனித இயல்பு. இப்படி எடுத்தால், அரைவாசிச் செடி செத்த பாத்தி “செடிக்குக் காய் எண்ணிக்கை” என்ற நிரலில் முதலிடம் பெற்றுவிடும். பாத்தியில் நின்ற செடிகளின் எண்ணிக்கையைப் பறிப்பு நாளில் எழுதி வையுங்கள். ஐந்து செடியையும், விதைப்பதற்கு முன்பே வரைந்து வைத்த இடங்களிலிருந்து எடுங்கள். ஓரச் செடிகளைத் தொட வேண்டாம்.

இந்த எண்களோடுதான் கணக்குக்குப் போகிறோம். சொற்களை முதலில் சரிசெய்துகொள்வோம். வயலில் இனத்துக்கு இனம் தெரியும் வேறுபாட்டில் ஒரு பங்கு பிறப்புரிமையமைப்பிலிருந்து, அதாவது இனத்தின் பரம்பரை அலகுகளிலிருந்து, வருகிறது; மிச்சம் மண், நீர், பூச்சி, அளந்தவரின் கை என்று பல இடங்களிலிருந்து வருகிறது. வேறுபாடு எவ்வளவு பரந்தது என்பதை அளக்கும் எண் மாறற்றிறன். மொத்த மாறற்றிறனில் முதலாவது பங்கு எவ்வளவு என்பதே பாரம்பரியத் திறன். அது ஒரு பின்னம். பின்னத்தின் மேற்பகுதி அப்படியே இருக்க, கீழ்ப்பகுதி மாறினாலும் விடை மாறும். இதை மறப்பதிலிருந்துதான் பாதித் தவறுகள் பிறக்கின்றன.

விளக்கத்துக்காக ஓர் உதாரணத்தை அமைத்திருக்கிறேன். 12 பயற்றினங்கள், ஒவ்வொன்றும் மூன்று மீள்பிரதிகளில், அதாவது மூன்று தனித்தனிப் பாத்திகளில். செடிக்குக் காய் எண்ணிக்கையின் சராசரிகள் இவை: 16, 17, 18, 18.5, 19, 19.5, 20, 20.5, 21, 22, 23, 31.5. மொத்தச் சராசரி 20.5. மாறற்றிறன் பகுப்பாய்வில் இனங்களுக்குரிய சராசரி வர்க்கம் (விலகல்களின் வர்க்கங்களிலிருந்து கணிக்கும் எண்) 48. வழுவுக்குரியது, அதாவது ஒரே இனத்தின் பாத்திகளுக்கிடையே தெரியும் வேறுபாட்டுக்குரியது, 12 என்று வைத்துக்கொள்வோம். இனங்களுக்கிடையிலான மாறற்றிறன் என்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மீள்பிரதிகளின் எண்ணிக்கையால் வகுத்தது: 36-ஐ 3-ஆல் வகுத்தால் 12.

இப்போது பாரம்பரியத் திறன் எவ்வளவு? ஒரு பாத்தியை அலகாகக் கொண்டால் கீழே 12-உம் 12-உம் சேர்ந்து 24. விடை 50 வீதம். மூன்று மீள்பிரதிகளின் சராசரியை அலகாகக் கொண்டால் வழு மூன்றில் ஒன்றாகிறது, கீழே 16, விடை 75 வீதம். ஒரே வயல், ஒரே காய்கள், இரண்டு விடைகள். இரண்டும் சரியானவை. எந்த அடிப்படையில் கணித்தோம் என்று சொல்லாமல் விடுவதுதான் பிழை. ஒருவரின் 50-ஐயும் இன்னொருவரின் 75-ஐயும் பக்கத்தில் வைத்து, “அவர்களின் ஆய்வைவிட எங்களுடையதில் பாரம்பரியத் திறன் கூட” என்று எழுதுவது அதைவிடப் பெரிய பிழை. மீள்பிரதியை ஆறாக்கினால் அதே இனங்களுக்கு 86 வீதம் வரும். பயற்றுச் செடிக்குள் எதுவும் மாறியிருக்காது.

மாறற் குணகத்திலும் இதே கதைதான். நியமவிலகல் (மாறற்றிறனின் வர்க்கமூலம்) சராசரியில் எத்தனை வீதம் என்பதே அது. வயலில் தெரியும் மொத்த வேறுபாட்டுக்குக் கணித்தால் தோற்றவமைப்புக் குணகம், பிறப்புரிமைப் பங்குக்கு மட்டும் கணித்தால் பிறப்புரிமைக் குணகம். தோற்றவமைப்பு மாறற் குணகம் பாத்தி அடிப்படையில் 23.9, சராசரி அடிப்படையில் 19.5. 20-க்கு மேல் போனால் “உயர்ந்தது”, 10-க்கும் 20-க்கும் இடையில் நின்றால் “நடுத்தரம்” என்று ஒரு வகைப்பாடு ஆய்வுக்கட்டுரைகளில் வழிவழியாக வருகிறது. எந்தக் கணக்கைப் பிடித்தோம் என்பதைப் பொறுத்து நம்முடைய இயல்பு கோட்டின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுந்துவிடுகிறது. பிறப்புரிமைக் குணகமும் தோற்றவமைப்புக் குணகமும் நெருங்கி நிற்பதைக் கண்டு “சூழலின் தாக்கம் மிகக் குறைவு” என்று எழுதும் வசனமும் அப்படித்தான். மீள்பிரதி கூடினாலே அவை நெருங்கும். அந்த வசனத்தைக் காணும்போதெல்லாம், எழுதியவர் கணக்குக்குள் இறங்கிப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றும்.

அடுத்தது 2.06. தெரிவினால் அடுத்த தலைமுறையில் கிடைக்கும் முன்னேற்றத்தைக் கணிக்க, சோயா அவரையில் 1955-இல் ஜோன்சன், ரொபின்சன், கொம்ஸ்ரொக் ஆகிய மூவரும் கையாண்ட சூத்திரத்தையே இன்றும் எடுத்தாள்கிறோம். தெரிவின் கடுமை (தெரிந்தெடுத்தவை சராசரியைவிட எத்தனை நியமவிலகல் மேலே நிற்கின்றன என்பது), தோற்றவமைப்பின் நியமவிலகல், பாரம்பரியத் திறன் என்ற மூன்றின் பெருக்கம் அது. 2.06 என்பது பெரிய கூட்டத்திலிருந்து தலைசிறந்த 5 வீதத்தைத் தெரிவுசெய்யும்போது வரும் கடுமை. நம்மிடம் இருப்பது 12 இனங்கள். அதில் 5 வீதம் என்றால் 0.6 இனம். முக்கால் இனத்தைக்கூட எட்டாத ஒன்றைத் தெரிந்து விதைக்க எந்த விவசாயியாலும் முடியாது. 12-இல் ஒன்றைத் தெரிந்தால் கடுமை ஏறக்குறைய 1.63. நம் உதாரணத்தில் 2.06-ஐப் போட்டால் 6.2 காய் முன்னேற்றம் என்று வரும், 1.63-ஐப் போட்டால் 4.9. ஒரு காய்க்கு மேல் காற்றில் விளைந்திருக்கிறது.

பாரம்பரியத் திறன் உயர்ந்திருந்தால் முன்னேற்றமும் உயரும் என்று நினைப்பது இதன் உறவுக்காரத் தவறு. நூறு விதை நிறை பயற்றில் சூழலுக்கு அவ்வளவாக அசைந்துகொடுக்காத இயல்பு; அதன் பாரம்பரியத் திறன் பெரும்பாலும் உயர்வாகவே வரும். ஆனால் கையிலிருக்கும் இனங்கள் எல்லாம் எம்.ஐ. 5, எம்.ஐ. 6 போன்ற நெருங்கிய அளவு விதை கொண்டவையாக இருந்து, நியமவிலகல் 0.2 கிராம் மட்டுமே என்றால், 90 வீதப் பாரம்பரியத் திறனோடும் 1.63 கடுமையில் கிடைப்பது 0.3 கிராமுக்கும் குறைவு. பெருக்குவதற்கு வேறுபாடே இல்லாதபோது 90 வீதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விதை பெரிதாக வேண்டுமானால், பெரிய விதை உள்ள இனத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து கலக்க வேண்டும்.

பூக்கும் நாளைப் பற்றிச் சின்ன ஒரு குறிப்பு. விதைத்த நாளிலிருந்து எண்ணினால் சராசரி 36, நியமவிலகல் 2.4 என்றால் குணகம் 6.7. முளைத்த நாளிலிருந்து எண்ணினால் சராசரி 32 ஆகிறது, குணகம் 7.5. பூஜ்ஜியத்தை எங்கே வைப்பது என்பது நம் விருப்பமாக இருக்கும் இயல்புக்கு இந்தக் குணகம் பொருந்தாத ஆடை. “குறைந்த வேறுபாடு” என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். நெல் வயலின் ஈரலிப்பில் ஓடும் பயற்றுக்கு இரண்டரை நாள் முந்துவது பெரிய காரியம்.

இனி, எல்லாவற்றிலும் கனமான தவறு. ஒரு வயலில், ஒரு போகத்தில் கிடைத்த எண்ணைப் பயற்றின் குணம் என்று எழுதிவிடுவது.

இரணைமடுக் குளத்தின் கீழே நெல் அறுத்த வயலும் முறிகண்டிப் பக்கத்து மேட்டுக்காணியும் பயற்றுக்கு ஒன்றல்ல. ஒரே வயலுக்குள்ளும் வாய்க்கால் பக்கம் ஈரம் நிற்கும், மேட்டுப் பக்கம் முதலில் காயும். ஆண்டுக்கு ஆண்டும் மாறும். வெள்ளை ஈ பெருகிய போகத்தில் மஞ்சள் மொசைக் வைரசு ஏறி, தாங்காத இனங்களின் இலையெல்லாம் மஞ்சளாகி, காய் சுருங்கிப்போகும். அந்தப் போகத்தில் விளைச்சலின் பாரம்பரியத் திறன் திடீரென்று உயரும். உயர்ந்தது விளைச்சல் தரும் திறமையின் வேறுபாடா? நோயைத் தாங்கும் திறமையின் வேறுபாடு விளைச்சலின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ஈ குறைந்த அடுத்த போகத்தில் வரிசை வேறாக இருக்கும்.

கணக்கில் இது எப்படி ஒளிந்துகொள்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு போகம் நட்டால், இனத்தின் சொந்த இயல்பையும், அந்த இனம் அந்தப் போகத்தோடு மட்டும் கொண்ட இடைவினையையும் பிரிக்க வழியே இல்லை. இரண்டும் சேர்ந்தே நம்முடைய 12 ஆகின்றன. அதில் 5 மட்டுமே எல்லாப் போகத்துக்கும் உரியது, 7 இடைவினை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு போகம் நட்டுக் கணித்தால் மேலே 5; கீழே 5, ஏழில் பாதியான 3.5, ஆறு பாத்திகளுக்கான வழு 2, ஆக 10.5. 75 வீதம் 48 வீதமாக இறங்குகிறது. உழைப்பு இரட்டிப்பானது, எண் சுருங்கியது. இந்த 48-ஐத்தான் நான் நம்புவேன்.

பத்துச் செடியில் பெரிய செடியைப் பார்த்து விதைக்கு ஒதுக்கும் பழக்கம் நம் வயல்களில் உண்டு. கொழுத்த விதையையும் நோயற்ற செடியையும் பார்த்து ஒதுக்குவது விதையின் தரத்துக்கு நல்லது. இனத்தை அது மாற்றாது. பயறு தன்னுடைய மகரந்தத்தாலேயே கருவுறுகிறது. மொட்டு விரிவதற்கு முன்பே காரியம் பெரும்பாலும் முடிந்துவிடும். பல தலைமுறை அப்படி வந்த எம்.ஐ. 6 வயலில் பெரிய செடியும் சிறிய செடியும் ஏறக்குறைய ஒரே பிறப்புரிமையமைப்பு உடையவை. வேறுபாடு முழுவதும் நின்ற இடத்தின் வேறுபாடு. டென்மார்க்கின் வில்ஹெல்ம் யொஹான்சன் போஞ்சி விதையை வைத்து 1903-இல் காட்டியது இதுவே: தூய வழிக்குள், அதாவது தன்மகரந்தச் சேர்க்கையால் ஒரே செடியிலிருந்து வந்த வழிக்குள், பெரிய விதையைத் தெரிந்தாலும் சிறிய விதையைத் தெரிந்தாலும் பிள்ளைகளின் சராசரி ஒன்றாகவே நின்றது.

கலப்புச் செய்து கிடைத்த இரண்டாம் தலைமுறையில் நிலைமை நேர்மாறு. அங்கே வேறுபாடு நிறைய இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு செடியும் தனியாள், மீள்பிரதி இல்லை. ஆட்சியுடைமையால், அதாவது சோடியில் ஒரு பரம்பரை அலகு மற்றதை மறைப்பதால், வரும் பங்கும் கலந்திருக்கும். சோடியில் இரண்டு வேறு அலகுகளைக் கொண்ட கலப்பு நுகங்களின் பங்கு தன்மகரந்தச் சேர்க்கையில் ஒவ்வொரு தலைமுறையும் பாதியாகும். இரண்டாம் தலைமுறையில் அரைவாசி, ஐந்தாம் தலைமுறையில் பதினாறில் ஒன்று. ஆகவே இரண்டாம் தலைமுறையில் விதையளவு, நோய் தாங்குதல், பூக்கும் நாள் போன்றவற்றுக்குத் தெரிவு செய்யலாம். விளைச்சலுக்கான தெரிவை ஐந்தாம், ஆறாம் தலைமுறைக்கு, பாத்திகளில் மீள்பிரதியோடு நடக்கூடிய காலத்துக்குத் தள்ளிவைப்பதே நல்லது. இரண்டாம் தலைமுறையின் பெரும் பாரம்பரியத் திறனைக் காட்டி “உடனே தெரிவு செய்யலாம்” என்று முடிக்கும் கட்டுரையைக் கண்டால் ஒதுங்கிப் போங்கள்.

நம்முடைய 12 எண்களுக்கு ஒருமுறை திரும்புவோம். 16 முதல் 23 வரை பதினொன்று. பிறகு ஒரு 31.5. அந்த ஒன்றைக் கையால் மறைத்துக்கொண்டு, வழுவை முன்போல 12 என்றே வைத்து மிச்சப் பதினொன்றுக்கும் கணக்கிடுங்கள். இனங்களின் சராசரி வர்க்கம் 48-இலிருந்து 13.2-க்கு இறங்கும். இனங்களுக்கிடையிலான மாறற்றிறன் 12-இலிருந்து 0.4. பாரம்பரியத் திறன் 75-இலிருந்து 9 வீதம். “ஆராய்ந்த பயற்றினங்களுக்கிடையே காய் எண்ணிக்கையில் பரந்த பிறப்புரிமை வேறுபாடு உண்டு” என்று எழுதியிருந்தால், அந்த வசனம் ஒரே ஓர் இனத்தின் முதுகில் ஏறி நின்றிருக்கிறது. அட்டவணைக்குப் போவதற்கு முன் சராசரிகளைச் சிறியதிலிருந்து பெரியதாக ஒரு தாளில் எழுதிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அந்த 31.5-ஐ வெட்டி எறியவும் வேண்டாம். முதலில் கொப்பியில் அதன் மூன்று பாத்திகளையும் தேடுங்கள். மூன்றிலும் 30-ஐ ஒட்டி நிற்கிறதா, அல்லது வாய்க்கால் ஓரத்துப் பாத்தி ஒன்று 50-ஐத் தொட்டுச் சராசரியைத் தூக்கிவிட்டதா? அந்தப் பாத்தியில் எத்தனை செடி நின்றது? மயில் கொத்திய பாத்தி என்றால் விடை கிடைத்துவிட்டது. மூன்றிலும் செடி நிறைந்து, மூன்றிலும் காய் நிறைந்திருந்தால், அடுத்த போகம் அந்த ஒன்றையும் எம்.ஐ. 6-ஐயும் பக்கத்தில் பக்கத்தில், ஆறு மீள்பிரதிகளில், இரண்டு ஊர்களில் விதையுங்கள். கடைசி நெற்று வரை ஆய்ந்து நிறுங்கள்.